மாநிலம் வேண்டாம் என்ற பிறகும் குழாய் எப்படி வருகிறது?

காங்கேயம் பக்கத்தில் தோட்டம் வைத்திருக்கும் ஒருவரின் கேள்வி இது. எரிபொருள் குழாய் பதிப்பதற்காக அவருடைய நிலத்தைப் பயன்படுத்தும் உரிமையை எடுக்கப்போவதாக மத்திய அரசின் பெயரில் அறிவிப்பு வந்திருக்கிறது. விளைநிலத்தில் வேண்டாம், சாலையோரமாகக் கொண்டுபோங்கள் என்று மாநிலத்தை ஆள்பவர்கள் பேசிவருகிறார்கள். நிலம் மாநிலப் பட்டியலில்தானே இருக்கிறது, மாநிலம் மறுத்த பிறகும் மத்திய அரசு எப்படி உள்ளே வர முடியும், அமெரிக்காவில் மாநிலங்களுக்கு இறையாண்மை உண்டு என்கிறார்களே, நமக்கு மட்டும் ஏன் இல்லை என்று கேட்கிறார். இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. மாநிலத்தின் மறுப்புக்குச் சட்டத்தில் என்ன எடை என்பது ஒன்று. அந்த மறுப்பை நம்பி நான் பேசாமல் இருக்கலாமா என்பது மற்றொன்று. முதலாவதைத்தான் அவர் வாய்விட்டுக் கேட்டிருக்கிறார். ஆனால் அவருக்கு அவசரமானது இரண்டாவது. ஈரோடு மாவட்டத்து உரிமையியல் நீதிமன்றங்களில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக நில வழக்கு நடத்திவருகிறேன் என்ற தகுதியில் எழுதுகிறேன். அரசமைப்பு வழக்குகளில் வாதாடிப் பழகியவன் அல்லன். அவருடைய ஆவணங்களையும் நான் பார்த்ததில்லை.

உறுதியாகச் சொல்லக்கூடியதை முதலில் சொல்லிவிடுகிறேன். அரசமைப்பின் 246ஆவது பிரிவும் ஏழாவது அட்டவணையும் சட்டம் இயற்றும் அதிகாரத்தை மூன்று பட்டியல்களாகப் பிரிக்கின்றன. மாநிலப் பட்டியலில் 18ஆவது இனமாக நிலமும் 14ஆவது இனமாக வேளாண்மையும் இருப்பது உண்மை. ஆனால் மத்தியப் பட்டியலின் 53ஆவது இனத்தில் எண்ணெய் வயல்களும் பெட்ரோலியமும் பெட்ரோலியப் பொருள்களும் இருக்கின்றன. ஒரு சட்டம் எந்தப் பட்டியலில் விழுகிறது என்று பார்க்கும்போது அது எதைத் தொடுகிறது என்று நீதிமன்றம் பார்ப்பதில்லை, அடிப்படையில் எதைப் பற்றியது என்றுதான் பார்க்கிறது. குழாயை ஆகாயத்தில் தொங்கவிட முடியாது. பெட்ரோலியம் பற்றிய எந்தச் சட்டமும் எங்காவது மண்ணைத் தொட்டே தீரும். தொடுவதனாலேயே அது நிலத்தைப் பற்றிய சட்டமாகிவிடாது. போதாக்குறைக்கு, சொத்தைக் கையகப்படுத்தும் அதிகாரம் 1956ஆம் ஆண்டின் ஏழாவது திருத்தத்துக்குப் பிறகு பொதுப் பட்டியலின் 42ஆவது இனமாக ஒரே இடத்தில் வைக்கப்பட்டிருக்கிறது. பொதுப் பட்டியலில் இருவர் சட்டமும் மோதினால், குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற மாநிலச் சட்டத்துக்கு உள்ள விலக்கு தவிர, நாடாளுமன்றச் சட்டமே நிற்கும். ஆக, ‘நிலம் மாநிலத்துடையது’ என்று மேடையில் சொல்லலாம். மனுவில் எழுதி வெல்ல முடியாது.

இறையாண்மை என்ற சொல்லையே நேராக எடுத்துப்போய் வாதிட்ட ஒரு மாநிலம் உண்டு. நிலக்கரி கிடக்கும் நிலங்களைக் கையகப்படுத்த நாடாளுமன்றம் 1957இல் ஒரு சட்டம் இயற்றியது. அதன்படி மேற்கு வங்க அரசுக்கே சொந்தமான நிலத்தை எடுக்க மத்திய அரசு முனைந்தபோது, மாநிலமும் ஓர் இறையாண்மை கொண்ட அமைப்பு, அதன் சொத்தை இன்னோர் அரசு எடுக்க முடியாது என்று மேற்கு வங்கம் உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. 1962 டிசம்பரில் வந்த தீர்ப்பில், தலைமை நீதிபதி பி.பி. சின்காவும் பெரும்பான்மை நீதிபதிகளும் அந்த வாதத்தை ஏற்கவில்லை. இந்திய மாநிலங்கள் தனித்தனி நாடுகளாக இருந்து ஒப்பந்தம் செய்து ஒன்று சேர்ந்தவை அல்ல என்பது அவர்கள் சொன்ன காரணங்களில் முதன்மையானது. நீதிபதி சுப்பா ராவ் மட்டும் மாறுபட்டார். அவருடைய மாறுபட்ட தீர்ப்பை இன்றும் படிக்கத் தோன்றுகிறது; ஆனால் மாறுபட்ட தீர்ப்பை வைத்துக் குழி வெட்டும் இயந்திரத்தை நிறுத்த முடியாது. அரசின் சொந்த நிலத்துக்கே இந்தக் கதி என்றால், தனியாரின் பட்டா நிலத்துக்கு மாநிலத்தின் இறையாண்மையைக் கேடயமாகப் பிடிப்பது எப்படிச் செல்லும்? ‘மத்திய அரசு’ என்பதா ‘ஒன்றிய அரசு’ என்பதா என்ற தகராறு நம்மிடையே அடிக்கடி நடக்கிறது. இரண்டும் புழக்கத்தில் உள்ள சொற்களே. எந்தப் பெயரால் அழைத்தாலும் 53ஆவது இனம் அது இருக்கும் இடத்திலேயே இருக்கிறது.

கொங்கு நாட்டில் இது ஏட்டுப் பாடம் அல்ல. கொச்சியிலிருந்து பெங்களூருக்குக் கெயில் நிறுவனம் கொண்டுபோக நினைத்த எரிவாயுக் குழாய், கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய ஏழு மாவட்டங்களின் வழியாகத் தமிழ்நாட்டில் ஏறத்தாழ 310 கிலோமீட்டர் ஓட வேண்டியிருந்தது. உரிமை எடுக்கும் பட்டையின் அகலம் 20 மீட்டர். அது ஒரு தோட்டத்தின் குறுக்கே 100 மீட்டர் ஓடினாலே ஏறக்குறைய 50 சென்ட் போய்விடும். ஏக்கருக்கு 70 தென்னை என்ற நம்மூர்க் கணக்கில் 35 மரங்கள். விவசாயிகள் போராடினார்கள். 2013இல் அன்றைய மாநில அரசு விளைநிலங்களில் குழாய் கூடாது, நெடுஞ்சாலை ஓரமாகக் கொண்டுபோக வேண்டும் என்று ஆணையிட்டது. கெயில் உயர் நீதிமன்றம் போனது; அந்த ஆண்டு நவம்பரில் ஆணை ரத்தானது. மாநிலம் மேல்முறையீடு செய்தது; 2016 பிப்ரவரி 2ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. 1962ஆம் ஆண்டின் பெட்ரோலிய, கனிமக் குழாய்ச் சட்டப்படி மத்திய அரசு அறிவித்து முடித்த உரிமையை, மாநில அரசு ஒரு நிர்வாக ஆணையால் நிறுத்தி வைக்க முடியாது என்பதே இதிலிருந்து நமக்குக் கிடைக்கும் பாடம். இதில் எனக்குச் சந்தேகம் எதுவும் இல்லை.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. மாநிலம் வழக்கில் தோற்றது, அதனால் மறுநாளே குழாய் வந்துவிட்டதா? வரவில்லை. அதே திட்டத்தின் கொச்சி - மங்களூரு பகுதி 450 கிலோமீட்டரும் முடிந்து 2021 ஜனவரி 5ஆம் தேதி திறக்கப்பட்டபோது, நம் பக்கத்துப் பகுதி அதோடு சேர்ந்து வரவில்லை. தீர்ப்பு ஒரு தாள். அதை வயலில் நிறைவேற்ற நில அளவர் வேண்டும், கிராம நிர்வாக அலுவலர் வேண்டும், வட்டாட்சியர் வேண்டும், பந்தோபஸ்துக்குக் காவல் துறை வேண்டும். இவர்கள் எல்லோரும் மாநிலத்தின் ஆட்கள். காவலும் பொது ஒழுங்கும் மாநிலப் பட்டியலின் முதல் இரண்டு இனங்கள். மத்திய அரசின் அதிகாரம் டெல்லியில் பிறந்தாலும் நம் வரப்புக்கு வரும்போது மாநிலத்தின் கால்களில்தான் நடந்து வருகிறது. 257ஆவது பிரிவு, மத்தியின் நிர்வாகத்துக்கு மாநில நிர்வாகம் முட்டுக்கட்டை போடக் கூடாது என்கிறது; ஒத்துழைக்காமல் தாமதம் செய்வது சட்டப்படி சரி என்று நான் சொல்ல வரவில்லை. நடைமுறையில் மாநிலத்தின் பலம் அங்கேதான் இருக்கிறது என்று மட்டும் சொல்கிறேன்.

கேட்டவர் அமெரிக்காவை இழுத்திருப்பதால் அதையும் பார்த்துவிடலாம். அங்கே மாநிலங்கள் கூட்டாட்சிக்கு முன்பே இருந்தவை. இறையாண்மை என்ற சொல் அவற்றுக்கு வாயளவுப் பெருமை மட்டும் அல்ல. அப்படியிருந்தும், பென்சில்வேனியாவிலிருந்து நியூ ஜெர்சிக்குப் போக வேண்டிய பென்ஈஸ்ட் எரிவாயுக் குழாய் வழக்கில் என்ன நடந்தது? நியூ ஜெர்சி மாநிலத்துக்கே சொந்தமான, விவசாயத்துக்கும் பசுமைக்கும் என்று காத்துவந்த நிலங்களையும் கூட்டரசின் அனுமதி பெற்ற தனியார் நிறுவனம் எடுக்கலாம் என்று 2021 ஜூனில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. இறையாண்மை வாதம் அங்கேயும் தோற்றது. அதற்கு மூன்று மாதம் கழித்து, செப்டம்பரில், வழக்கில் வென்ற நிறுவனமே திட்டத்தைக் கைவிட்டது. ஆற்று நீரின் தரம் தொடர்பாக நியூ ஜெர்சி தர வேண்டியிருந்த அனுமதிகள் அதுவரை கிடைத்திருக்கவில்லை. நான் இந்த வழக்கைத் திரும்பத் திரும்ப நினைத்துக்கொள்வதற்குக் காரணம் அதுதான். பெரிய சொல்லால் தோற்ற மாநிலம், தன் கையில் இருந்த ஒரு சாதாரண உரிமத்தால் காரியம் சாதித்தது.

ஒரு வேறுபாட்டை மட்டும் மறக்கக் கூடாது. துப்பாக்கி வாங்குவோரின் பின்னணியை உள்ளூர்க் காவல் அதிகாரிகள் விசாரிக்க வேண்டும் என்று கூட்டரசு போட்ட சட்டத்தை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1997இல் செல்லாது என்றது. மாநிலத்தின் அதிகாரிகளைக் கூட்டரசு வேலை வாங்க முடியாது என்பது அங்கே கொள்கை. நம் அரசமைப்பு நேர் எதிர். 256ஆவது பிரிவின்படி மத்தியச் சட்டங்கள் நிறைவேறும்படி மாநிலம் நடக்க வேண்டும், அதற்காக மத்திய அரசு கட்டளையிடவும் முடியும். ஒரே மாவட்ட ஆட்சியர் காலையில் மாநிலத்தின் அதிகாரி, பிற்பகலில் மத்தியச் சட்டத்தின் அதிகாரி. குறைதீர் கூட்டத்தில் உங்கள் மனுவை வாங்கிக்கொள்பவரும் அவரே, மின்கம்பி இழுக்க இடைஞ்சல் செய்யாதீர்கள் என்று உத்தரவு போடுபவரும் அவரே.

இதை நான் புத்தகத்தில் கற்கவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் பெருந்துறைப் பக்கமிருந்து ஒரு பெரியவர் என் அலுவலகத்துக்கு வந்தார். மஞ்சள் பையில் சிட்டா, அடங்கல், 1970களின் பாகப் பிரிவினைப் பத்திரம் எல்லாம் ஒழுங்காக மடித்து வைத்திருந்தார். அடியில் ஓர் உறை. குழாய் போடும் ஒரு நிறுவனத்துக்காக நிலத்தில் உரிமை எடுக்கும் அறிவிப்பு. அரசிதழின் நகல், அவருடைய புல எண்ணுக்கு நேராகச் சிவப்பு மையில் ஒரு கோடு. “ஏனுங்க வக்கீலுங்க, மெட்ராசுலயே வேண்டாமுன்னு சொல்லிப்போட்டாங்களாமா, நாம எதுக்குங்க எழுதிக் குடுக்கோணும்?” என்றார். தேதியைப் பார்த்தேன். ஆட்சேபம் கொடுக்க வேண்டிய 21 நாள் முடிந்து ஐந்து நாள் ஆகியிருந்தது. உறை அதுவரை சாமி படத்துக்குப் பின்னால் இருந்திருக்கிறது. மாநிலம் பார்த்துக்கொள்ளும் என்று இருந்துவிட்டார். கிணற்றிலிருந்து பதினைந்தடி தள்ளிப் பட்டை ஓடுகிறது, சற்று நகர்த்துங்கள் என்று அவர் கேட்டிருக்கலாம். கேட்டால் நிச்சயம் கிடைத்திருக்கும் என்று சொல்ல மாட்டேன், கேட்கும் உரிமையாவது இருந்திருக்கும். இழப்பீட்டுத் தொகைக்காக மட்டுமே அவருக்காக என்னால் வழக்காட முடிந்தது.

மாநிலத்தின் கையில் மெய்யாகவே இருப்பது என்ன என்று கேட்டால், விலையை முதலில் சொல்வேன். உயர் மின்கோபுரங்களை எடுத்துக்கொள்ளுங்கள். சத்தீசுகரின் ராய்கரிலிருந்து கரூர்ப் பக்கத்துப் புகளூருக்கு 800 கிலோவோல்ட்டில் 6,000 மெகாவாட் கொண்டுவரும் பாதை வந்தபோது நம் மாவட்டங்களில் எத்தனை பந்தல், எத்தனை மறியல் என்பது எல்லோருக்கும் தெரியும். மின்பாதைகளுக்கு நிலத்தை வாங்க வேண்டியதே இல்லை. 2003ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டம், 1885இல் வெள்ளைக்காரன் தந்திக் கம்பிக்காகப் போட்ட சட்டத்தின் அதிகாரத்தை மின்நிறுவனத்துக்குக் கடன் கொடுக்கிறது. ஆனால் இழப்பீட்டை எவ்வளவு தருவது என்பதில், மத்திய மின் அமைச்சகம் வழிகாட்டு நெறி மட்டுமே தருகிறது. ஏற்றுச் செயல்படுத்துவது மாநிலத்திடம் விடப்பட்டிருக்கிறது. 2015 அக்டோபர் நெறியில் கோபுர அடி நிலத்துக்கு நில மதிப்பில் 85 விழுக்காடு, கம்பி ஓடும் பாதைக்கு அதிகபட்சம் 15 விழுக்காடு. 2024 ஜூனில் அது முறையே 200, 30 என்று உயர்ந்தது. அந்த மதிப்பை எந்த அடிப்படையில் கணக்கிடுவது, வழிகாட்டி மதிப்பா, சந்தை மதிப்பா என்ற கேள்வியில் மாநிலமும் ஆட்சியரும் விவசாயிக்குச் செய்யக்கூடியது ஏராளம். சட்டமன்றத்தில் ஒரு தீர்மானத்தைவிட, ஆட்சியர் அலுவலகத்தில் போடப்படும் ஒரு நல்ல விலை நிர்ணய ஆணை எங்களிடம் வழக்குக்கு வருபவர்களுக்கு அதிகம் உதவியிருக்கிறது.

குழாய்க்கு வரும் இழப்பீடோ இன்னும் மெலிந்தது. 1962ஆம் ஆண்டுச் சட்டப்படி பயிர், மரம் முதலியவற்றின் சேதத்துக்கு ஒரு தொகை. அதற்கு மேல், முதல் அறிவிப்பு வந்த நாளின் சந்தை மதிப்பில் 10 விழுக்காடு. நிலம் உங்கள் பெயரிலேயே இருக்கும், சோளமும் கடலையும் போட்டுக்கொள்ளலாம். அந்தப் பட்டையில் மரம் வைக்கக் கூடாது, கிணறு வெட்டக் கூடாது, கட்டடம் கட்டக் கூடாது. தென்னந்தோப்புக்காரருக்கு இது பாதி உயிரை எடுப்பது போல. 2013ஆம் ஆண்டின் நிலம் எடுப்புச் சட்டத்தின் நான்காவது அட்டவணையில் இந்தக் குழாய்ச் சட்டமும் இடம்பெற்றிருக்கிறது. அந்த அட்டவணையில் உள்ள சட்டங்களுக்கும் புதிய இழப்பீட்டு முறை பொருந்தும் என்று 2015 ஆகஸ்டில் மத்திய அரசே ஆணையிட்டது. அப்படியானால் 10 விழுக்காட்டுக்குப் பதில் புதிய கணக்கு வருமா? நிலத்தை எடுக்கவில்லை, பயன்படுத்தும் உரிமையைத்தான் எடுக்கிறோம், ஆகவே பொருந்தாது என்பது நிறுவனங்களின் வாதம். நான் எதிர்ப்பக்கம் வாதாடுபவன். என் வாதம் வலுவானது என்றே நினைக்கிறேன். ஆனால் உறுதியான சட்டம் இது என்று நம்பித் தொகையை எதிர்பார்க்காதீர்கள்.

சந்தேகத்துக்குரிய இன்னொன்று, கேட்டவருக்கு ஒருவர் சொன்ன யோசனை: காவிரி டெல்டாவைப் போலக் கொங்கையும் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கினால் என்ன? நிர்வாக ஆணை தோற்றது, சட்டமன்றம் இயற்றும் சட்டம் நிற்காதா என்பது நியாயமான கேள்விதான். வேளாண்மை மாநிலப் பட்டியலில் இருப்பதால் சட்டம் இயற்றுவதற்குத் தடை இல்லை. பெட்ரோலியத்தைப் பற்றிய நாடாளுமன்றச் சட்டத்தோடு அது நேராக மோதும் இடத்தில் நிற்காது என்பது என் கணிப்பு. 2020ஆம் ஆண்டின் டெல்டா சட்டத்தை எழுதியவர்களும் அதை உணர்ந்திருக்க வேண்டும். ஏற்கெனவே நடக்கும் திட்டங்களையும், குழாய், சாலை, மின்சாரம் போன்ற கட்டமைப்புகளையும் அந்தச் சட்டமே விலக்கி வைத்திருக்கிறது. அதை அப்படியே காங்கேயத்துக்குக் கொண்டுவந்தாலும் உங்கள் தோட்டத்துக் குழாய் அந்த விலக்கின் வழியாகவே உள்ளே வந்துவிடும்.

மாநில உரிமை வென்றால் விவசாயி வென்றதாகும் என்ற எண்ணமும் எப்போதும் சரியல்ல. சேலம் - சென்னை எட்டு வழிச் சாலையில் மாநில அரசும் மத்திய அரசும் ஒரே பக்கம் நின்றன. 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றத்தில் வென்ற விவசாயிகள், 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றத்தில் தோற்றார்கள். அங்கே எந்தப் பட்டியலும் துணைக்கு வரவில்லை. கனிம வரியில் நடந்தது வேறு. தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில் 1989இல் மாநிலத்துக்கு எதிராக வந்த தீர்ப்பை, 35 ஆண்டு கழித்து, 2024 ஜூலையில் ஒன்பது நீதிபதிகள் அமர்வு எட்டுக்கு ஒன்று என்று மாற்றியது. கனிமம் உள்ள நிலத்துக்கு வரி போடும் உரிமை மாநிலத்துக்கு உண்டு என்றானது. கூட்டாட்சிக்குப் பெரிய வெற்றிதான். அதையொட்டித் தமிழ்நாடு இயற்றிய சட்டம் 2025 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்ததும் முதலில் வேலையை நிறுத்தியவர்கள் கல் குவாரிக்காரர்களும் கிரஷர்காரர்களும். வீடு கட்டிக்கொண்டிருந்த நம் ஆட்களுக்கு ஜல்லி கிடைக்கவில்லை. 1969இல் அமைத்த இராஜமன்னார் குழு தொடங்கி 2025இல் நீதிபதி குரியன் ஜோசப் தலைமையில் அமைத்த குழு வரை மாநில சுயாட்சியைப் பற்றித் தமிழ்நாடு நிறையச் சிந்தித்திருக்கிறது. அவை தேவையான சிந்தனைகள். ஆனால் அவற்றின் கால அளவு தலைமுறை, உங்கள் கையில் உள்ள அறிவிப்பின் கால அளவு 21 நாள்.

அந்த 21 நாளை அஞ்சல்காரர் உறையைக் கொடுத்த நாளிலிருந்து எண்ணாதீர்கள். அரசிதழ் நகல் பொதுமக்களுக்குக் கிடைக்கும்படி செய்யப்பட்ட நாளிலிருந்து எண்ண வேண்டும். அறிவிப்பின் அடியில் தகுதி அலுவலரின் பெயரும் முகவரியும் இருக்கும். எழுத்துமூலமான ஆட்சேபம் அவருக்குப் போக வேண்டும், முதலமைச்சரின் தனிப்பிரிவுக்கு அனுப்பியது இதில் கணக்கில் சேராது. நேரிலோ வழக்கறிஞர் மூலமாகவோ உங்களைக் கேட்டறியாமல் அவர் முடிவெடுக்கக் கூடாது. ஆட்சேபத்தில் மாநில இறையாண்மையைப் பற்றி ஒரு வரியும் வேண்டாம். அறிவிப்புக்கு முன்பே குடியிருந்த இடம், நிலையான கட்டடம் நிற்கும் இடம், வீட்டை ஒட்டிய வாசல், களம் போன்ற இடம் ஆகியவற்றின் அடியில் குழாய் போகக் கூடாது என்றும், எங்குமே ஒரு மீட்டருக்குக் குறைந்த ஆழத்தில் பதிக்கக் கூடாது என்றும் சட்டத்தின் ஏழாவது பிரிவே சொல்கிறது. எனவே புல வரைபடத்தை எடுத்து, வீடு, மாட்டுத் தொழுவம், கிணறு, ஆழ்துளைக் கிணறு, தொட்டி, தென்னை வரிசை ஒவ்வொன்றும் பட்டையிலிருந்து எத்தனை மீட்டர் என்று உரிமம் பெற்ற நில அளவரை வைத்து அளந்து குறித்து, தேதி தெரியும்படி படமும் எடுத்து, மின் இணைப்பு ரசீது, வீட்டு வரி ரசீதுகளோடு சேர்த்துப் பதிவு அஞ்சலில் ஒப்புகை அட்டை வைத்து அனுப்புங்கள். நேரில் கொடுத்தால் நகலில் முத்திரை வாங்காமல் திரும்பாதீர்கள்.